கைக்கு அடங்கும் ஜெட் எஞ்சினை வள்ளத்தில் மாட்டினால் என்ன ஆகும்?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் தடித்த உலோக உருளை. முன்னால் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் சிவந்து கனலும் வாய், காதைத் துளைக்கும் விசில் சத்தம். மாதிரி விமானங்களில் பொருத்தும் இந்தக் குட்டி ஜெட் எஞ்சின்களின் காணொளிகள் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கின்றன. இதே வகை எஞ்சின்களைக் கையில் கட்டிக்கொண்டு கடலுக்கு மேல் மனிதர் பறக்கும் காணொளிகளும் கூடவே வருகின்றன. மண்ணெண்ணெய் எஞ்சினோடு பழகிய ராமநாதபுரம் கரையில் இவற்றைப் பார்ப்பவருக்கு மூன்று கேள்விகள் இயல்பாக எழும்.

1. இது உண்மையான ஜெட் எஞ்சினா, பொம்மையா?
2. மண்ணெண்ணெயில் ஓடுகிறது என்றால் வள்ளத்தில் மாட்டலாமா?
3. ஒரு கிலோ எடையுள்ள எஞ்சின் பத்து கிலோ விசையில் தள்ளும் என்றால், விமானத்துக்கு மட்டும் எதற்கு இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சின்?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: உண்மையான ஜெட்தான். இரண்டாவதற்கு, கூடாது. ஏன் கூடாது என்பது மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

பெயர்களைச் சரிசெய்துகொள்வோம்

உச்சிப்புளிப் பக்கம் வானத்தில் எது இரைந்தாலும் ஜெட் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இந்தக் கரைக்கு மேல் பறப்பவற்றில் பல வகை எஞ்சின்கள் இருக்கின்றன.

1. பிஸ்டன் எஞ்சின்: உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்தின் ஹெரான் ஆளில்லா விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 914 என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கார் எஞ்சினுக்குச் சொந்தம், ஜெட்டுக்கு இல்லை.
2. டர்போஷாஃப்ட்: கடற்படையும் கடலோரக் காவல்படையும் ஓட்டும் துருவ் ஹெலிகாப்டரில் இருப்பது இது. உள்ளே ஜெட்டின் வேலைதான் நடக்கிறது. ஆனால் கிடைக்கும் சக்தி முழுவதும் ஒரு தண்டைச் சுழற்றப் போய்விடுகிறது. அந்தத் தண்டு மேலே உள்ள விசிறியைச் சுற்றுகிறது.
3. டர்போபிராப்: டோர்னியர் 228 கண்காணிப்பு விமானம். தண்டு சுழற்றுவது முன்னால் உள்ள புரொப்பல்லரை.
4. டர்போஃபேன்: மதுரையில் இறங்கும் பயணிகள் ஜெட் விமானங்களிலும், அரக்கோணத்திலிருந்து கிளம்பும் கடற்படையின் பி-8ஐ விமானத்திலும் இருப்பது. உறைக்குள் பெரிய விசிறி, அதன் நடுவே சின்ன ஜெட்.
5. டர்போஜெட்: விசிறி கிடையாது. உள்ளே போன காற்று முழுவதும் நெருப்பின் வழியாகவே வெளியே வரும். மாதிரி விமான எஞ்சின் இந்த வகை.

ஆகவே குட்டி எஞ்சினை மதுரை விமானத்தின் எஞ்சினோடு ஒப்பிடும்போது இரண்டு வித்தியாசங்களைச் சேர்த்தே பார்க்கிறோம். ஒன்று அளவு. இன்னொன்று வகை. இவற்றைக் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

உள்ளே நடப்பது ஒன்றே

எல்லா ஜெட்டுக்கும் நான்கு வேலைகள்: காற்றை உள்ளே இழு, அமுக்கு, அதில் எண்ணெயை எரி, சூடான காற்றைப் பின்னால் தள்ளு. அமுக்கும் சக்கரம் கம்ப்ரசர். பின்னால் வெப்பக்காற்றில் சுழலும் சக்கரம் டர்பைன். இரண்டும் ஒரே தண்டில் கோத்திருக்கும். எரிந்து விரியும் காற்று டர்பைனைச் சுற்றுகிறது, டர்பைன் கம்ப்ரசரைச் சுற்றுகிறது. மிச்சமிருக்கும் வேகம்தான் உந்துவிசை.

குட்டி எஞ்சினில் கம்ப்ரசர் ஒரே ஒரு சக்கரம். நடுவில் நுழைந்த காற்றைச் சுழற்றி விளிம்புக்கு வீசி அமுக்கும், லாரி டர்போவில் இருப்பது போலவே. 1937 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் ஓட்டிக் காட்டிய ஜெட் எஞ்சினும் இதே வீசும் வகைக் கம்ப்ரசர் கொண்டதுதான். பெரிய விமானங்கள் பிறகு வேறு பாதைக்குப் போய்விட்டன. அடுக்கடுக்காக விசிறித் தட்டுகளை வைத்து, காற்றை நேர்கோட்டில் பின்னோக்கித் தள்ளித் தள்ளி அமுக்குகிறார்கள். ஏ320 நியோ பயணிகள் விமானங்கள் பலவற்றில் வரும் லீப் எஞ்சினில் முன்விசிறிக்குப் பின்னால் 3 தட்டு, அதற்கும் பின்னால் 10 தட்டு.

மாதிரி எஞ்சின் பொழுதுபோக்குக்காரர்களின் கைக்கு வந்த கதையும் சொல்லத்தக்கது. ஜெர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய ஒரு ஜெட்டை உருவாக்கினார். அதன் கம்ப்ரசர் சக்கரம் ஒட்டுப்பலகையில் செய்தது, கார்பன் இழையால் இறுக்கிக் கட்டியது. மரச் சக்கரம் ஜெட்டுக்குள் தாங்குமா என்று கேட்கத் தோன்றும். தாங்கியது. கம்ப்ரசர் பக்கம் வெப்பம் குறைவு, சுற்றுவதால் வரும் இழுப்பைத் தாங்கினால் போதும். வெப்பமும் இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும் இடம் டர்பைன்.

எண்களை அருகருகே வைத்தால்

பரவலாக விற்கும் 100 நியூட்டன் வகை மாதிரி எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்கும் விசை அது. எஞ்சினின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் சுற்று. உள்ளே காற்றின் அழுத்தம் ஏறுவது சுமார் 3 மடங்கு. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 400 மில்லி அளவில் மண்ணெண்ணெய் குடிக்கும். அதாவது ஒரு லிட்டர் பாட்டில் இரண்டரை நிமிடத்தில் காலி.

எதிரில் பி-8ஐ விமானத்தின் சி.எஃப்.எம்.56-7பி எஞ்சின். உந்துவிசை சுமார் 12,000 கிலோ. எடை ஏறக்குறைய 2,370 கிலோ. முன்விசிறியின் விட்டம் 1.55 மீட்டர். அது சுற்றுவது நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று அளவில்தான்.

ஒன்றரை லட்சத்தையும் ஐயாயிரத்தையும் பார்த்ததும் சின்னது ஏதோ வெறி பிடித்துச் சுற்றுகிறது என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

சுற்றை எண்ணாதீர்கள், நுனி வேகத்தைப் பாருங்கள்

காற்றை அமுக்குவது சக்கரத்தின் விளிம்பு. அந்த விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அமுக்கம் ஏறும். சின்னச் சக்கரத்தின் விளிம்பு ஒரு சுற்றில் ஓடும் தூரம் குறைவு. எனவே அதே வேகத்தை எட்ட அது அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 66 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 21 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்பது நொடிக்கு 2,500 சுற்று. இரண்டையும் பெருக்கினால் நுனி வேகம் நொடிக்கு 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இனி லீப் எஞ்சினின் முன்விசிறி: விட்டம் 1.98 மீட்டர், சுற்றளவு 6.2 மீட்டர், நொடிக்கு 64 சுற்று அளவு. நுனி வேகம் நொடிக்கு 400 மீட்டர்.

இரண்டும் ஒலியின் வேகத்தைத் தாண்டியவை, ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பவை. சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் இழுவிசையும் நுனி வேகத்தைப் பொறுத்ததே. ஒரே உலோகம், ஒரே வடிவம், ஒரே நுனி வேகம் என்றால் உலோகத்துக்குள் வரும் இழுப்பு பெரியதிலும் சின்னதிலும் சமம். 'ஒன்றரை லட்சம் சுற்று' என்ற எண் உலோகத்தைப் பயமுறுத்துவதில்லை. அது பயமுறுத்துவது பேரிங்கை. பேரிங்குக்குப் பிறகு வருகிறேன்.

எடையில் சின்னதுக்கே வெற்றி

மேலே சொன்ன எண்களை வகுத்துப் பாருங்கள். பெரிய எஞ்சின் தன் எடையைப் போல 5 மடங்கு தள்ளுகிறது. குட்டி எஞ்சின் 9 மடங்கு.

காரணம் நீள அகலக் கணக்கு. ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் அதன் வாய் நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். எஞ்சினின் உந்துவிசை அதன் வாய் எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்பதைப் பொறுத்தது. எடை அதன் முழுப் பருமனைப் பொறுத்தது. பெரிதாகப் பெரிதாக எடை உந்துவிசையைத் தாண்டி ஓடும். சிறிதாகும்போது எடைதான் முதலில் விழும்.

அப்படியென்றால் ஒரு பெரிய எஞ்சினைக் கழற்றிவிட்டு 1,200 குட்டி எஞ்சின்களைக் கட்டாகக் கட்டிவிடலாமே? எடை 1,300 கிலோதான் வரும், கிட்டத்தட்ட பாதி. இந்தக் கேள்வி அசட்டுத்தனமானது இல்லை, நியாயமானது. பதில் எண்ணெய்த் தொட்டியில் இருக்கிறது. பெரிய எஞ்சின் புறப்படும்போது நிமிடத்துக்குச் சுமார் 95 லிட்டர் எரிக்கும். 1,200 குட்டி எஞ்சின்கள் சேர்ந்து அதே உந்துவிசைக்கு 470 லிட்டர் எரிக்கும். ஐந்து மடங்கு.

எண்ணெயில் ஏன் தோற்கிறது?

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

1. அமுக்கம் போதாது. ஜெட்டில் எண்ணெயின் வெப்பம் எவ்வளவு வேலையாக மாறும் என்பதைக் காற்று எத்தனை மடங்கு அமுங்கியது என்பதே தீர்மானிக்கிறது. உராய்வே இல்லாத கனவு எஞ்சினிலும்கூட 3 மடங்கு அமுக்கத்தில் 27 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாறாது. 40 மடங்கு அமுக்கத்தில் 65 சதவீதம் வரை போகலாம். லீப் எஞ்சின் அமுக்குவது அந்த 40 மடங்கு அளவில்தான். குட்டி எஞ்சினில் தட்டு ஒன்றே ஒன்று என்பதால் 3, மிஞ்சிப் போனால் 4.

2. காற்று சின்னதாவதில்லை. எஞ்சினைச் சுருக்கலாம், அதற்குள் ஓடும் காற்றைச் சுருக்க முடியாது. காற்றுக்கும் பிசுபிசுப்பு உண்டு, சுவரை ஒட்டிய படலம் மெதுவாகவே நகரும். கண்மாய் மடையில் தண்ணீர் பாய்வதற்கும் இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மடையில் சுவரோரம் தேங்குவது ஒரு பொருட்டே இல்லை. ஸ்ட்ராவில் எல்லாமே சுவரோரம்தான். இடைவெளியும் அப்படியே. சுழலும் பிளேடுக்கும் வெளி உறைக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் விட்டாக வேண்டும் என்று வையுங்கள். 10 மில்லிமீட்டர் உயரப் பிளேடுக்கு அது 2 சதவீத ஓட்டை. 100 மில்லிமீட்டர் உயரப் பிளேடுக்கு 0.2 சதவீதம். பெரிய எஞ்சின்களில் இந்த இடைவெளியைக் காக்க, பறக்கும்போதே வெளி உறைமேல் குளிர்காற்றைப் பாய்ச்சி அதைச் சுருங்க வைக்கிறார்கள். கைப்பிடி அளவு எஞ்சினில் அதற்கெல்லாம் இடமில்லை.

3. சூட்டைக் கூட்ட முடியாது. பெரிய எஞ்சினின் டர்பைனுக்குள் நுழையும் காற்று 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும். பிளேடின் நிக்கல் கலவை உருகும் வெப்பநிலையைவிட அது அதிகம். இருந்தும் உருகாததற்குக் காரணம் பிளேடு உள்ளே பொள்ளலாக இருப்பதுதான். உள்ளே குளிர்ந்த காற்று ஓடி, ஊசித்துளைகள் வழியே கசிந்து, பிளேடின் மேல் ஒரு காற்றுப் போர்வையாகப் படிகிறது. அதற்கு அடியில் பீங்கான் பூச்சு. உலோகமும் ஒரே படிகமாக வார்த்தது. குட்டி எஞ்சினின் டர்பைன் முழுத் திண்மமாக வார்த்த ஒற்றைச் சக்கரம். அதன் நகக்கண் அளவுப் பிளேடுக்குள் யாராலும் துளை போட முடியாது. ஆகவே வெப்பத்தைக் குறைத்தே ஓட்டுகிறார்கள். பின்வாயில் வெளியேறும் காற்று 700 டிகிரியை ஒட்டி நிற்கும்.

இதோடு வகை வித்தியாசமும் சேருகிறது. லீப் எஞ்சினில் நெருப்புக்குள் போகும் ஒவ்வொரு பங்கு காற்றுக்கும் 11 பங்கு காற்று நெருப்பைத் தொடாமல் வெளிவழியாகப் போய்விடுகிறது. இதைப் பைபாஸ் விகிதம் என்பார்கள். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகப் பீய்ச்சுவதைவிடச் சிக்கனம். அகலத் துடுப்பால் நிதானமாக வலிப்பதற்கும் குச்சியால் தண்ணீரைப் படபடவென்று அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். குட்டி எஞ்சின் பீய்ச்சுகிற ரகம். நொடிக்கு கால் கிலோவுக்கும் குறைவான காற்றை, மணிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தள்ளியே அந்தப் பத்து கிலோ விசையைப் பெறுகிறது.

சரி, வள்ளத்துக்கு வருவோம்

ஒரு எஞ்சின் ஒரு நொடியில் உண்மையில் செய்த வேலை என்பது, அது தள்ளும் விசையை வண்டி நகரும் வேகத்தால் பெருக்கினால் வருவது. வண்டி நிற்கும்போது ஜெட் எவ்வளவு இரைந்தாலும் செய்த வேலை பூஜ்யம்.

வள்ளம் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 4 மீட்டர். 100 நியூட்டன் விசையை அதனால் பெருக்கினால் 400 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். வீட்டு மிக்சியின் சக்தி அளவுகூட இல்லை. அந்த நேரத்தில் எரியும் மண்ணெண்ணெயின் வெப்பம் எவ்வளவு? ஒரு லிட்டரில் சுமார் 35 மெகாஜூல் சக்தி. நிமிடத்துக்கு 400 மில்லி என்றால் இரண்டேகால் லட்சம் வாட்டுக்கு மேல். ஆக, ஊற்றிய ஒரு லிட்டரில் வள்ளத்தைத் தள்ளியது 2 மில்லி. மிச்சம் 998 மில்லி சூடாகவும் சத்தமாகவும் காற்றில் போய்விட்டது.

அதே எஞ்சின் மணிக்கு 250 கிலோமீட்டரில் பறக்கும் மாதிரி விமானத்தில் இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி பயன்படும். பயணிகள் விமானம் தன் உயரத்தில், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உண்மையான தள்ளலாக மாறுகிறது. ஜெட் வேகத்துக்குப் பிறந்தது. தண்ணீரில் மெதுவாகப் போகும் எதற்கும் தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லரே பொருத்தம். காற்றைவிட எண்ணூறு மடங்கு கனமான ஒன்று காலடியில் கிடக்கும்போது அதை விட்டுவிட்டுக் காற்றைத் தள்ளுவானேன்?

கணக்கை விடுங்கள், கரையில் நின்று பாருங்கள். பத்து கிலோ விசை என்பது மணலில் ஒட்டிய வள்ளத்தை ஒரே ஒரு ஆள் தோள் கொடுத்துத் தள்ளுவதைவிடக் குறைவு. பின்னால் 700 டிகிரி காற்று. பக்கத்தில் நைலான் வலை, ஃபைபர் உடம்பு, மண்ணெண்ணெய்க் கேன். இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பேரிங்கும் ஆயுளும்

குட்டி எஞ்சினில் தண்டைத் தாங்குவது இரண்டே இரண்டு பேரிங்குகள், குண்டுகள் பீங்கானில் செய்தவை. எஃகுக் குண்டைவிட எடை குறைவு என்பதால் ஒன்றரை லட்சம் சுற்றில் வெளிவளையத்தை அழுத்தும் விசையும் குறைவு. பேரிங்குக்கான மசகு எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. மண்ணெண்ணெயிலேயே 5 சதவீத அளவில் டர்பைன் எண்ணெயைக் கலந்துவிடுவார்கள். அதில் ஒரு சிறு பங்கு பேரிங்குக்குப் பிரிந்து போய், நனைத்துவிட்டு, பின்வழியே எரிந்து தீரும். கலக்க மறந்தால் பேரிங் போய்விடும்.

எஞ்சினை நிறுத்தியபின் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். தீ அணைந்தபிறகும் முன்னால் உள்ள சின்ன மின்மோட்டார் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கவிட்டால் டர்பைனின் சூடு தண்டு வழியே ஊர்ந்து பின்பேரிங்குக்கு வந்துவிடும். குளிர்காற்றை இழுத்து அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் அந்தச் சுற்று.

இவ்வகை எஞ்சின்களில் பலவற்றை 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தயாரிப்பாளரிடம் அனுப்பிப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய எஞ்சின் இறக்கையிலிருந்து இறங்காமலே பல ஆயிரம் மணி நேரம் ஓடும். அதில் மூடிய மசகு எண்ணெய்ச் சுற்று, வடிகட்டி, குளிர்விப்பான், உலோகத்தூள் கலந்தால் காட்டிக்கொடுக்கும் காந்தம் எல்லாம் உண்டு. இந்த 25 என்ற எண் வரலாற்றிலும் வருகிறது: 1944-இல் போருக்கு வந்த ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262 போர்விமானத்தின் ஜெட் எஞ்சினுக்கும் ஆயுள் அதிகபட்சம் 25 மணி நேர அளவில்தான் இருந்தது. அங்கே தட்டுப்பாடு நல்ல உலோகத்துக்கு. இங்கே தட்டுப்பாடு இடத்துக்கு.

உப்பு, மணல், பறவை

மேலே சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இந்தக் கரைக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது.

உப்பு: கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அரை மணி நேரம் நின்றால் மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப்படலம் படிகிறது. எஞ்சின் அந்தக் காற்றைத்தான் விழுங்குகிறது. உப்பில் உள்ள சோடியமும் எரிபொருளில் உள்ள கந்தகமும் சூட்டில் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி டர்பைன் பிளேடில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் நிக்கலின் பாதுகாப்புத் தோலைத் தின்னும். வெறும் துருவைவிட இது பொல்லாதது. கடலுக்கு மேல் தாழப் பறந்து திரும்பும் விமானங்களின், ஹெலிகாப்டர்களின் எஞ்சின்களை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது இதனால்தான். குட்டி எஞ்சினில் உப்பு முதலில் தேடிப் போவது பேரிங்கின் எஃகு வளையத்தை. கடற்கரையில் ஓட்டிவிட்டு மாதக்கணக்கில் பெட்டியில் மூடி வைத்தால், அடுத்த முறை கையால் சுற்றும்போதே சொரசொரப்பு விரலுக்குத் தெரியும்.

மணல்: இதில் இரண்டும் வேறு வேறு விதமாக அடிபடுகின்றன. பெரிய எஞ்சினின் சூட்டில் நுண்மணல் உருகிக் கண்ணாடிபோல் பிளேடின் பீங்கான் பூச்சில் படிந்து, குளிரும்போது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். குட்டி எஞ்சினில் மணல் உருகும் அளவுக்குச் சூடில்லை. ஆனால் அலுமினியக் கம்ப்ரசரின் மெல்லிய விளிம்பை மணல் அரம்போல் தேய்க்கும், பேரிங்குக்குள்ளும் புகும். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை நேராக ஓடும் சாலையைப் பார்த்தால் மாதிரி ஜெட்டுக்கு நல்ல ஓடுதளம் என்று தோன்றலாம். இரு பக்கமும் மணல்மேடு, காற்றில் சாலைக்கு வரும் மணல், போதாததற்குச் சுற்றுலாக் கூட்டம். அது ஓடுதளம் ஆகாது.

பறவை: காஞ்சிரங்குளம், சித்திரங்குடி சரணாலயங்கள் உள்ள மாவட்டம் இது. கரையெங்கும் ஆலாக்களும் கடற்காகங்களும் பறக்கும். பெரிய எஞ்சினைச் சான்றளிக்கும் முன், குறிப்பிட்ட எடையுள்ள பறவையை அதற்குள் செலுத்திச் சோதிக்கிறார்கள். பெரிய பறவை புகுந்தால் எஞ்சின் நின்றுபோகலாம், ஆனால் வெடித்துச் சிதறவோ தீப்பிடிக்கவோ கூடாது. முன்விசிறியின் ஒரு பிளேடை முழு வேகத்தில் வேண்டுமென்றே உடைத்து, துண்டுகள் உறையைத் துளைக்காமல் உள்ளேயே நிற்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் இரண்டு எஞ்சின்களிலும் புகுந்ததால் ஒரு ஏ320 விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது.

மாதிரி எஞ்சினுக்கு இப்படிப்பட்ட விமானச் சான்றிதழ் எதுவும் கிடையாது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் ஓடும் எஞ்சினுக்குப் பின்னால் மட்டுமல்ல, டர்பைன் சக்கரத்தின் நேர்ப்பக்கத்திலும் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகளைக் கூட்டி நிறுத்திக் காட்டுபவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிறகு எங்கேதான் பொருந்தும்?

எடை குறைவாக இருக்க வேண்டும், வேகமாகப் போக வேண்டும், கொஞ்ச நேரம் ஓடினால் போதும். இந்த மூன்றும் சேரும் இடம் குட்டி ஜெட்டின் இடம். அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய அப்யாஸ் இலக்கு விமானம் அப்படிப்பட்டது. ஏவுகணைப் பயிற்சிக்கு எதிரி விமானம்போல் பறந்து காட்டுவது அதன் வேலை, அதில் இருப்பது ஒரு சிறிய கேஸ் டர்பைன். அதற்கு மூத்த லக்ஷ்யா இலக்கு விமானத்துக்கு அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். செய்த ஜெட் எஞ்சின் சுமார் 380 கிலோ தள்ளும். பொழுதுபோக்கு எஞ்சினுக்கும் போர்விமான எஞ்சினுக்கும் நடுவில் இப்படிப் படிகள் பல இருக்கின்றன.

பொறியியல் கல்லூரியில் ஒரு குட்டி ஜெட்டை மேசையில் பூட்டி அழுத்தம், வெப்பம், எண்ணெய்ச் செலவு மூன்றையும் மாணவர்களே அளந்து பார்ப்பதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைக் கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பறக்கவிடுவதென்றால் அது வேறு விஷயம். 2021 ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு உட்பட்டதாக, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்ற காரணங்களுக்காக, கண் பார்வைக்குள் ஓட்டுவதாக இருக்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால், எந்த இடத்துக்கும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வரைபடத்தைப் பார்த்து, அனுமதி தேவையா என்று தெரிந்துகொண்ட பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

கடைசியாக, மனிதர் பறப்பது. இந்திய ராணுவமே 2023 ஜனவரியில் ஆள் அணிந்து பறக்கும் 48 ஜெட் உடைகளுக்கு விலைப்புள்ளி கோரியது. அதற்கு முன்னால், 2019 ஆகஸ்ட் 4 அன்று ஃபிரான்சின் ஃபிராங்கி ஜபாடா ஐந்து சிறு டர்பைன்கள் பொருத்திய பலகைமேல் நின்றபடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சுமார் 35 கிலோமீட்டர், 22 நிமிடம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், அதைவிடக் கொஞ்சம் குறைவான தூரம். ஆனால் முதுகில் மண்ணெண்ணெயைச் சுமந்து போன அவரால்கூட ஒரே மூச்சில் கடக்க முடியவில்லை. சுமந்த எண்ணெய் பத்து நிமிட அளவுக்கே வரும். நடுக்கடலில் ஒரு படகில் இறங்கி எண்ணெய் மாற்றிக்கொண்டு போனார். பத்து நாளுக்கு முன் செய்த முதல் முயற்சியில், எண்ணெய் நிரப்ப வைத்திருந்த அந்த மேடையில் சரியாக இறங்க முடியாமல்தான் கடலில் விழுந்தார். இரண்டாவது முறை எண்ணெய்ப் படகைப் பெரிதாக்கினார்கள்.